தண்ணீர் வலப்பக்கம்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய கொஞ்ச நாளில் பெயிண்டர் தன் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு வர்ணம் அடித்தார். கட்டிலுக்கடியில் மிச்சம் கிடந்த பச்சை டப்பா கண்ணில் பட்டது, கை பரபரத்தது, அடித்துவிட்டார். பிரஷைக் கழுவிக் காய வைத்தபின் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். கதவின் வலது பாதி பளபளவென்று பச்சை. இடது பாதி அதே பழைய அழுக்கு மஞ்சள். நடுவில் நூல் பிடித்ததுபோல ஒரு கோடு.

"எப்படி?" என்றார்.

"மீதி எங்கே?"

"என்ன மீதி?"

அவர் விளையாடவில்லை. ஊரில் பாதிச் சுவருக்கு வர்ணம் அடித்த மனுஷன், ஒரு கதவை அரைகுறையாக விடுகிற ஆளில்லை. அவரைப் பொறுத்தவரை கதவு முடிந்துவிட்டது.

பக்கவாதம் அவருடைய கையையும் காலையும் அதிகம் கெடுக்கவில்லை. இடது கையில் பிடி குறைவு, இடது கால் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். கண்ணும் நன்றாகவே தெரிந்தது. போனது வேறு. உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பிசியோ பெண்தான் மனைவிக்குப் புரியும்படி சொன்னாள்.

"பார்வை போகலம்மா. கவனம்தான் போயிருக்கு. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்குன்னே அவருக்குத் தோணாது. சொன்னா திரும்பிப் பார்ப்பாரு. அடுத்த நிமிஷம் மறந்துடும்."

"தனக்கு இப்படி இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. வியாதியே அதுதான்."

தெரிந்த பிறகு அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிற வேலை அவளுக்கு. ஓடும் பெல்ட்டில் வருகிற ரொட்டி நிற்காது, அழுகிறவளுக்காகக் காத்திருக்காது. வீட்டிலும் அதே வேகத்தில் ஏற்பாடுகளைச் செய்தாள். தட்டில் வலது பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, "இவ்வளவுதானா? கை ரொம்ப இறுகிப்போச்சு உனக்கு" என்று அவர் குறைப்பட்டால், வாயைத் திறக்காமல் தட்டை அரைச்சுற்று திருப்பி வைப்பாள். புதுத்தட்டு வந்துவிட்டதாக நினைத்து அவர் சந்தோஷமாகத் தின்பார். சவரம் செய்துகொண்டு வந்தால் இடது கன்னத்தை அவளே முடித்துவிடுவாள். மகள் இடப்பக்கம் நின்று "அப்பா" என்று கூப்பிட்டால், அவர் வலப்பக்கத்து ஜன்னலைப் பார்த்து "வாம்மா" என்பார். முதல் தடவை மகளுக்கு முகம் செத்துவிட்டது. அதன்பிறகு வருகிறவர்களையெல்லாம் மனைவி கட்டிலின் வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். இடப்பக்கம் பார்க்கப் பழக்கச் சொல்லியிருந்தாள் பிசியோ. அது பயிற்சி நேரத்துக்கு. விருந்தாளி வந்த நேரத்தில் மனுஷனுக்கு மரியாதை முக்கியம்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது அவர் படுத்துக் கிடந்ததுதான். கதவு விஷயம் ஊருக்குத் தெரிந்த பிறகு யாரும் அவரை வர்ணம் அடிக்கக் கூப்பிடவில்லை. வேலை இல்லை, வெளியே போக்கு இல்லை. கட்டிலில் வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் அப்படியே பொழுது போய்விடும். மாமியார் இப்படித்தான் சும்மா படுக்கிறேன் என்று படுத்தார். காலில் சதை வற்றி, இடுப்பில் புண் வந்து, கடைசிவரை அவரைப் புரட்டிப் போட்டவள் இவள்தான். இன்னொரு ஆளைப் புரட்டிப் போட அவளுக்கு உடம்பில் தெம்பு இல்லை. அதை அவரிடம் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

"அப்ப சைக்கிளைக் குடு" என்றார் அவர்.

ஏணியையும் டப்பாக்களையும் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியது சைக்கிளில்தான். ரோட்டில் இனி அது முடியாது. இடப்பக்கம் வருகிற லாரி அவருக்கு லாரியே இல்லை. ஆனால் ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒரு சரளைப் பாதை இருந்தது. வண்டிகள் கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்கவசமும் இறுக்கமான கால்சட்டையுமாகப் பிள்ளைகள் தடித்த டயர் போட்ட சைக்கிள்களில் அதைச் சுற்றிப் பறப்பார்கள். தட்டையான பாதையில் இறக்கம் இல்லாததால் கால் ஓயாது, மிதித்துக்கொண்டேதான் இருக்கவேண்டும். பிசியோவிடம் கேட்டாள். "அந்தக் காலுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனா விழுந்தா நான் பொறுப்பில்லம்மா" என்றாள் பிசியோ.

சைக்கிள் கடைக்காரர் இரண்டு பிரேக்கையும் வலது கைப்பிடியிலேயே கோர்த்துக் கொடுத்தார். தடித்த டயர் மாட்டி, சரளைக்கல்லில் துள்ளாமல் இருக்கக் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தார். இடது மிதியில் ஒரு வார் போட்டார். இடது கைப்பிடியில் அவள் சிவப்பு நாடா சுற்றினாள். "சிவப்பு" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர் திரும்பி அந்த நாடாவைப் பார்க்கவேண்டும். பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு கை இருக்கிறது, ஒரு பாதை இருக்கிறது என்று கொஞ்ச நேரம் ஞாபகம் இருக்கும். இது பிசியோ சொன்ன வழி.

மகள் ஒத்துக்கொள்ளவே இல்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், கட்டுப்போட்டுக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள். கடைசியில் இறங்கி வந்தாள். "நீ அவர் பக்கத்துலயே இருக்கணும். ஒரே ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னா, அன்னிக்கே சைக்கிளை வித்துடுவேன். அப்புறம் ரெண்டு பேரும் மூக்கால அழக்கூடாது."

முதலில் நடந்து பார்த்தார்கள். பாதை ஒரு பெரிய வளையம். உள்பக்கம் முழுக்கச் சதுப்பு. கோரையும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த தண்ணீர். வெளிப்பக்கம் புதர்வரிசை, அதற்கப்பால் ஒரு வடிகால் வாய்க்கால். வாசலில் அம்புக்குறி போட்ட பலகை இருந்தது. எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்றவேண்டும். அம்புப்படி போனால் தண்ணீர் எப்போதும் இடப்பக்கம். பத்தடி நடப்பதற்குள் பெயிண்டரின் இடது கால் கரையைத் தாண்டி இறங்கிவிட்டது. கணுக்கால்வரை சேறு.

"எவன் இங்க தண்ணிய ஊத்தினான்?" என்றார் அவர்.

அவள் அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு நேரே வாசல் காவலரிடம் போனாள்.

"நாங்க எதிர்த்திசையில போறோம்."

"அதெப்படிம்மா? பலகை போட்டிருக்கே, தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. இவருக்குத் தண்ணி இடப்பக்கம் இருந்தா தெரியாது. வலப்பக்கம் இருந்தா தெரியும்."

காவலர் பெயிண்டரை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் பெயிண்டர். "உங்க கூரைக்கு வர்ணம் அடிச்சவன் ஒரு பூச்சு ஏமாத்தியிருக்கான். இங்கிருந்தே தெரியுது."

காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூட்டம் வர்றதுக்குள்ள சுத்திட்டு ஓடிடுங்க. யாராவது கேட்டா எனக்கு உங்களைத் தெரியாது."

அப்படித்தான் மழைக்காலம் வரும்வரை ஒவ்வொரு ஞாயிறும் பலகைக்கு எதிராகச் சுற்றினார்கள். பராமரிப்பு வண்டி போய்ப்போய் சரளையில் இரண்டு கெட்டியான தடங்கள் விழுந்திருந்தன. தண்ணீரை ஒட்டிய வலது தடத்தில் அவர், புதரை ஒட்டிய இடது தடத்தில் அவள். அவருக்குத் தெரியாத பக்கத்தில் சுவர்மாதிரி கூடவே போனாள். பழைய பெண்கள் சைக்கிள், கீச்சென்று கத்தும். "சிவப்பு" என்பாள். "பார்த்தாச்சு, பார்த்தாச்சு" என்பார். கால் இறுகியது. பசித்தது. கட்டிலில் படுப்பது குறைந்தது. வழியெல்லாம் தொணதொணவென்று பேச்சு. கொக்கு எத்தனை, தாமரைக்கோழி எங்கே என்று தண்ணீரில் உள்ளது ஒன்று விடாமல் ஒப்பித்துக்கொண்டு வருவார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. பாதையின் நடுவழியில் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் ஒரு வாத்துப் பண்ணை இருந்தது. நூற்றுக்கணக்கான வாத்துகள் காதைப் பிளக்கும். அவர் சதுப்பைப் பார்த்துக்கொண்டு, "இந்தக் கோரைக்குள்ளதான் இருக்குதுங்க. ஒண்ணாவது வெளிய வருதா பாரேன், என்ன அழுத்தம்!" என்பார்.

"வாத்து இந்தப் பக்கம் இருக்குங்க. பண்ணை."

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம்."

"உன் பக்கம்னா எது?"

அதற்குமேல் அவள் பேசமாட்டாள். இடப்பக்கத்துச் சத்தம் அவருக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வரும். வாதாடி ஆகப்போவது என்ன?

பெரிய மழை ஒன்று பெய்து ஓய்ந்த வாரம், அவர்கள் பாதி வளையத்துக்குமேல் சுற்றியிருப்பார்கள். வாத்துப் பண்ணையைத் தாண்டியாயிற்று. எதிரே பாதை இல்லை. மதகின்மேல் போட்டிருந்த பலகைப் பாலத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு கட்டைகள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன.

பெயிண்டர் பிரேக்கைப் பிடித்து வலது காலை ஊன்றினார். "திரும்பிப் போலாம். வேற என்ன?"

அவருக்கு அது சாதாரண விஷயம். அவளுக்கு அப்படி இல்லை. திரும்பினால் தண்ணீர் இடப்பக்கம். தள்ளிக்கொண்டு நடக்கலாமா என்று யோசித்தாள். அந்தக் கால் மிதிக்கும், இவ்வளவு தூரம் நடக்காது. பாதி வழியில் மடங்கிவிடும். காவலரின் நம்பர் அவளிடம் இல்லை. மகளைக் கூப்பிடலாம். மகள் வந்து ஆளைக் கூட்டிப்போவாள், சாயங்காலமே சைக்கிளை விற்றுவிடுவாள். அப்புறம் கட்டில். கட்டிலுக்குப் பிறகு என்ன என்று அவளுக்குத் தெரியும்.

ஃபோனை எடுத்தவள் மறுபடி பைக்குள் போட்டாள்.

"இங்க பாருங்க. இப்ப நீங்க வலது தடத்துலதான் வரணும். புதரை ஒட்டி. நான் தண்ணிப் பக்கம் வருவேன். நான் சிவப்புன்னு சொன்னா பார்க்கணும். சும்மா பார்த்தாச்சுன்னு புளுகக்கூடாது."

"எதுக்கு இவ்ளோ பதட்டம்? வந்த வழிதானே?"

வந்த வழிதான். ஆனால் திரும்பி மிதிக்க ஆரம்பித்ததும் பெயிண்டருக்கு அது வந்த வழியாகத் தெரியவில்லை. கழுத்தை வலப்பக்கம் நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். புதர், வாய்க்கால், அதற்கப்பால் வேலி, மின்கம்பம், ஒரு தகரக் கொட்டகை.

"ஏய், வழி மாறிட்டோம். இங்க தண்ணியே காணோம்."

"தண்ணி இருக்கு. சிவப்பு."

திரும்பிப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். நாலு மிதி மிதித்ததும், "வழி மாறிட்டோம்" என்று மறுபடி ஆரம்பித்தார்.

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் முன்சக்கரத்தையே பார்த்தபடி வந்தாள். அவர் தடத்தில் ஒரு குறையும் இல்லை. அவள் தடத்தில்தான் மழைநீர் கரையை அடியில் அரித்து வைத்திருந்தது. மேலே சரளை அப்படியே இருந்தது, கீழே மண் இல்லை. சக்கரம் ஏறியதும் கரை அப்படியே உட்கார்ந்தது. கத்தக்கூட நேரமில்லாமல் சைக்கிளோடு சரிந்து, கோரையை மடித்துக்கொண்டு, சொத்தென்று சேற்றில் விழுந்தாள்.

பெயிண்டர் சத்தத்தைக் கேட்டார். வாய்க்கால் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கேட்டியா? பெரிய மீன்" என்றார். மிதித்துக்கொண்டே போனார்.

அவளுக்குத் தொடைவரை சேறு. சைக்கிள் மடிமேல் கிடந்தது. முழங்கால் எரிந்தது, எலும்பு முறியவில்லை என்று உடனே தெரிந்தது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பக்கத்திலிருந்து மெல்லச் சொன்னால்தான் நாடாவைப் பார்ப்பார்; இங்கிருந்து கத்திக் கூப்பிட்டால் குரல் அவருக்கு வலப்பக்கத்திலிருந்துதான் வரும். ஆள் சட்டென்று வலப்பக்கம் திரும்புவார், தலை திரும்புகிற பக்கம் கைப்பிடியும் போகும். அங்கே வாய்க்கால் செங்குத்தாக இறங்குகிறது, கல் பதித்த கரை. கூப்பிடாவிட்டால் இடப்பக்கம் தண்ணீர், நடுவில் அவள் இல்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் சைக்கிள் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு கோரைக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அவர் பேசிக்கொண்டே போனார். அவள் பக்கத்தில் வருகிறாள் என்றே பேச்சு. பக்கத்தில் அவள் வந்தபோதும் அவர் அவளைப் பார்த்ததில்லை, இப்போது மட்டும் எப்படித் தெரியப்போகிறது? பேச்சு சன்னமாகிக்கொண்டே போயிற்று. சைக்கிள் தடத்தைவிட்டு நடுச் சரளைக்கு ஏறியது. அங்கே கல் உதிரி. பின்சக்கரம் ஒரு ஆட்டம் ஆடியது. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் வந்தால் கரை.

"சரி சரி, பார்த்தாச்சு. சிவப்பு, சிவப்பு" என்று காற்றில் வந்தது. எரிச்சலான குரல். யாரும் சொல்லாமலே, சொல்லும் நேரம் வந்துவிட்டது என்று அவராகவே சலித்துக்கொண்டார் போலிருக்கிறது. தலை இடப்பக்கம் திரும்பியது. சைக்கிள் நிதானமாக வலது தடத்துக்கு இறங்கியது.

அப்படி இன்னும் இரண்டு தடவை. வளைவு வரை போய்விட்டார். அவள் இல்லாமல், சுவர் இல்லாமல், தண்ணீர் தப்பான பக்கத்தில் இருக்க.

அங்கே பிரேக்கைப் பிடித்தார். வலது காலை ஊன்றி நின்று, வாய்க்காலுக்கு அப்பால் பார்த்து ஒரு சத்தம் போட்டார். இது அவளுக்கு நன்றாகக் கேட்டது.

"அடியேய்! வாத்து! இங்க பண்ணையே இருக்குடி! எவ்ளோ வாத்து பாரு! இத்தனை நாள் எங்க வச்சிருந்தானுங்க இதுகளை?"

பதில் இல்லை.

"என்ன, கோவமா? ஒத்துக்கோயேன், நான்தானே வாத்து இருக்குன்னு சொன்னேன்?"

அதற்கும் பதில் இல்லை என்றதும்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. கோபமாக இருந்தாலும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை. சைக்கிளை மடக்கி, வலப்பக்கமாகவே அரைச்சுற்று சுற்றி, வந்த திசையைப் பார்த்தார். திரும்பி நின்றதும் தண்ணீர் அவருக்கு வலப்பக்கம் வந்துவிட்டது. கோரை தெரிந்தது. கோரைக்கு நடுவில் மனைவி தெரிந்தாள்.

மிதித்துக்கொண்டு திரும்பி வந்து, கரையில் நின்று பார்த்தார்.

"அங்க என்ன பண்றே?"

"மீன் பிடிக்கிறேன்."

"எப்ப இறங்கினே?"

"நீங்க பெரிய மீன்னு சொன்னீங்களே, அப்ப."

அவர் யோசித்தார். முகம் மாறியது. வலது கையை நீட்டிக்கொண்டு குனிந்தார்.

"கையை நீட்டாதீங்க! என்னைத் தூக்கினா நீங்களும் உள்ள வருவீங்க. முதல்ல இறங்கி உக்காருங்க. குதிகாலை நல்லா ஊணுங்க. சும்மா என் பையை மட்டும் வாங்கி வைங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் சைக்கிளைச் சேற்றின்மேல் படுக்கப்போட்டு, அதன்மேல் குப்புறச் சாய்ந்து, ஒவ்வொரு காலாக, அவசரப்படாமல் உருவினாள். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. கரையேறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றி, எழுந்து போய் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"நீ விழுந்தது எனக்குத் தெரியலையே" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இதைத்தான் சொல்லிட்டே இருக்கீங்களா நீங்கள்லாம்?"

"இதைத்தான்."

அவருக்கு அது அன்றுதான் உறைத்தது. எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று தெரியாது. அவளும் கேட்கவில்லை.

மகள் சாயங்காலம் வந்தாள். வாசலில் கழுவிப் போட்டிருந்த சைக்கிளையும் ஒற்றைச் செருப்பையும் பார்த்தபடியே உள்ளே வந்தாள். அம்மா முழங்காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, கிடுக்கியால் சரளைத் துண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா விழுந்துட்டாரா?"

"அவரு விழல. நான் விழுந்தேன். அந்த மருந்துப் பஞ்சை எடு."

மகள் உட்கார்ந்து கிடுக்கியை வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கை சுத்தம், வலி தெரியாமல் எடுப்பாள். நடந்ததை அம்மா ஒன்று விடாமல் சொன்னாள். பாலம் போனது, ஃபோனை எடுத்து உள்ளே போட்டது உட்பட. எதையும் பூசி மெழுகவில்லை.

"அப்ப அப்பா தனியா போயிட்டிருந்தாரு. நீ கூப்பிடவே இல்லையா?"

"இல்ல."

"பின்ன என்னதான் பண்ணினே?"

"உக்காந்து பார்த்துட்டு இருந்தேன்."

"சேத்துலயா?"

"சேத்துலதான்."

மகள் கிடுக்கியைக் கீழே வைத்தாள். "அம்மா, இது போதும். விளையாட்டு இல்ல. அவர் பக்கத்துல ஆளே இல்லாம…"

"பக்கத்துல நான் இருந்ததே அவருக்குத் தெரியாதுடி. இத்தனை நாளும் நான்தான் அவரைப் பிடிச்சுட்டு இருக்கேன்னு நினைச்சேன். அவரு பாட்டுக்கு ஓட்டிட்டு இருந்திருக்காரு. விழுந்ததும் நான்தான், தாங்கறதுக்கு ஆள் இல்லாம நின்னதும் நான்தான். வித்துடறதுன்னா வித்துடு. ஆனா அதுக்கு முன்னாடி அடுத்த வாரம் நீயே வந்து பாரு. பார்த்துட்டுச் சொல்லு."

மகள் மறுபடி கிடுக்கியை எடுத்தாள். மிச்சக் கல்லை எடுத்து முடித்து, மருந்து வைத்துக் கட்டினாள். கட்டு அவளுடைய கோபத்தின் அளவுக்கு இறுக்கமாக இருந்தது. அம்மா அதை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் பாலத்துக்கு இன்னும் பலகை போடவில்லை, பாதி தூரம் போய்த் திரும்பத்தான் முடியும் என்றார் காவலர். போகும்போது தண்ணீர் வலப்பக்கம், திரும்பும்போது இடப்பக்கம். மகள் வாடகைச் சைக்கிளில், உதட்டை இறுக்கிக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் வந்தாள். அம்மா பக்கத்தில் போகவில்லை. இரண்டு சைக்கிள் நீளம் விட்டு, அவருக்கு நேர்பின்னால் போனாள். பின்னாலிருந்து "சிவப்பு" என்றால் அவர் எந்தப் பக்கமும் துள்ளவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

இத்தனை மாதமும் பக்கத்திலேயே வந்ததில் அவள் அவருடைய முதுகைப் பார்த்ததே இல்லை. இடது தோள் ஒரு விரற்கடை சரிந்திருந்தது. இருக்கையில் வலது புட்டத்தில்தான் முழு எடையும் இருந்தது. இப்படியே போனால் அந்த இடம் தேய்ந்து புண்ணாகும். இருக்கையைக் கொஞ்சம் தாழ்த்தவேண்டும், தோளைப் பற்றிப் பிசியோவிடம் சொல்லவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டு மிதித்தாள்.